கொடும்பாவி இழுத்தால் மழை வரும்

கேள்வி: இலங்கை கிரிக்கெட் அணி தோற்றுத் தோற்றே எங்களுக்கு வெறுத்துப் போய்விட்டது. இந்த நிர்வாகத்துக்கு எதிராக ரசிகர்கள் என்னதான் செய்வது? சந்தியில் ஒரு கொடும்பாவி எரித்தால் கொழும்புக்குக் கேட்குமா? (ஒரு வாசகர், காரைதீவு)

பதில்: நெருப்புப் பெட்டியைக் கொஞ்சம் கீழே வையுங்கள் தம்பி. கொடும்பாவி எதிர்ப்புக்கு உண்டானதல்ல, மழைக்கு உண்டானது. மழை பொய்த்த காலத்தில் வைக்கோலில் ஓர் உருவம் கட்டித் தெருத்தெருவாக இழுத்துப் போவார்கள். பின்னால் பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். ஊரில் யாரோ ஒரு பெரும்பாவி இருப்பதால்தான் வானம் அடைத்துக் கிடக்கிறது, அந்தப் பாவி செத்தால் மழை இறங்கும் என்பது கணக்கு. அதைக் கோபத்துக்குச் சந்தியில் வைத்து எரிப்பது பிறகு வந்த அரசியல். தண்ணீர் கேட்கச் செய்த பொம்மையிடம் நாங்கள் பழி கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சரி, முறைப்படி இழுக்கிறீர்கள் என்றே வைப்போம். கச்சான் காற்று முகத்தைச் சுடுகிற ஆடி மாதம். சந்தியிலிருந்து கடற்கரை வரைக்கும் இழுத்தாயிற்று. மழையும் பிடித்துக்கொண்டது. யாருக்கு லாபம்? நிர்வாகத்துக்குத்தான்! மழை குழப்பிய ஆட்டத்தில் தோல்வியும் தப்பும். 2002 சாம்பியன்ஸ் கிண்ண இறுதிப்போட்டி கொழும்பில் நடந்தது. முதல் நாளும் மழை, ஒதுக்கி வைத்த மறுநாளும் மழை. கிண்ணத்தை இந்தியாவும் நாங்களும் பங்கு போட்டுக்கொண்டோம். அடுத்த வருடம் உலகக் கிண்ணம், டேர்பன் மைதானம். மழை குறுக்கிட்டால் வெற்றி இலக்கைத் திருத்திச் சொல்கிற டக்வர்த் லூயிஸ் தாளைத் தூறலுக்குள் தென்னாபிரிக்கர்கள் தப்பாகப் பார்த்துவிட்டார்கள். 229 போதும் என்று நினைத்த மார்க் பௌச்சர் கடைசிப் பந்தைச் சும்மா தட்டி வைத்தார். வெற்றிக்கு 230 வேண்டும். ஆட்டம் சமநிலை, சொந்த நாட்டிலேயே தென்னாபிரிக்கா வெளியே, நாங்கள் அடுத்த சுற்றுக்கு. ஆக நீங்கள் இழுக்கிற கொடும்பாவி, நிர்வாகத்துக்கு நீங்களே வைக்கிற நேர்த்திக்கடன். ‘ஒரு புள்ளி பெற்றுத் தந்தோம்’ என்று அறிக்கை விடுவார்கள்.

இல்லை, எரித்தே தீருவேன் என்றால், ஒன்றையும் எரிக்காமலே சாம்பல் எடுத்த கதை ஒன்று உண்டு. 1882 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து அவுஸ்திரேலியாவிடம் தோற்றது. லண்டன் பத்திரிகை ஒன்று, இங்கிலாந்தின் கிரிக்கெட் இறந்துவிட்டது, உடல் தகனம் செய்யப்பட்டுச் சாம்பல் அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டு போகப்படும் என்று மரண அறிவித்தல் போட்டது. அந்தச் சாம்பலுக்காக, அதுதான் ஆஷஸ், இரண்டு நாடும் இன்றைக்கும் அடிபடுகின்றன. பத்திரிகைக்காரன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் பெருமை. நம் பக்கத்து மதில்களிலும் மின்கம்பங்களிலும் ஒட்ட, கட்டணம் இல்லாமல் ஒன்று எழுதித் தருகிறேன்:

‘மரண அறிவித்தல். இலங்கைத் துடுப்பாட்டம் அவர்கள் 02.11.2023 வியாழக்கிழமை மும்பை வான்கடே மைதானத்தில் 55 ஓட்டங்களுடன் காலமானார். அன்னார் 1996 உலகக் கிண்ணத்தின் பாசமிகு தந்தையும், தெரிவுக்குழுவின் மருமகனும் ஆவார். ஈமக்கிரியைகள் மழை காரணமாகப் பிற்போடப்பட்டுள்ளன. தகவல்: ரசிகர்கள்.’

(கிரிக்கெட்டைத் துடுப்பாட்டம் என்று எழுதும்போதெல்லாம் எனக்குக் கை கூசுகிறது. வாவிக்கரை ஆட்களுக்குத் துடுப்பு என்றால் தோணி. இந்தச் சண்டையில் தமிழ் ஆசிரியர்கள் இன்னும் என்னுடன் பேசுவதில்லை.)

மட்டக்களப்பில் வெபர் மைதானம் தெரியும்தானே? அந்த அமெரிக்கப் பாதிரியார் வெபர் நியூ ஓர்லியன்ஸ் இயேசு சபையைச் சேர்ந்தவர். அதே ஊரில் ‘புனிதர்கள்’ என்ற பெயரில் ஓர் அமெரிக்கக் கால்பந்து அணி உண்டு. 1980இல் 16 ஆட்டத்தில் 15 தோற்றது. ரசிகர்கள் கடைக் காகிதப் பையில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு, தலையில் கவிழ்த்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். இந்த அணியின் ஆள் என்று சொல்ல வெட்கமாம். நல்ல பகிடிதான். ஆனால் நீங்கள் செய்ய வேண்டாம். போர்க்காலத்து இராணுவச் சுற்றிவளைப்பில் வரிசையாக நின்று, ஆள்காட்டியின் சாக்கு மூடிய தலை தங்களைப் பார்த்து ஆடுமா ஆடாதா என்று பார்த்திருந்தவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

கூடிக் கத்தினாலும் சரிவராது. 2023 நவம்பரில் இலங்கை கிரிக்கெட் சபை வாசலிலேயே கத்தினார்கள். அமைச்சர் சபையைக் கலைத்தார், நீதிமன்றம் திரும்ப உட்காரவைத்தது, நாடாளுமன்றம் ஒருமனதாக ‘போ’ என்றது. சர்வதேச கிரிக்கெட் சபையான ஐ.சி.சி. இலங்கையை இடைநிறுத்தி, 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தைத் தென்னாபிரிக்காவுக்குத் தூக்கிக் கொடுத்தது. மாதம் முடிவதற்குள் பதவி போனது அமைச்சருக்கு.

இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து ரசிகர்கள் கெட்டிக்காரர்கள். 2016இல் டிக்கட் 77 பவுண் என்றதும், 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் எழுந்து போனார்கள். அப்போது 2-0 என்று முன்னால் இருந்த அணி, அவர்கள் போன பிறகு இரண்டு கோல் வாங்கி 2-2 ஆனது. சில நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையை விட்டுக்கொடுத்தார்கள். நாங்களும் எழுந்து போகலாம். அதற்கு முதலில் உட்கார வேண்டுமே? கிழக்கு மாகாணத்தில் ஒரு சர்வதேச கிரிக்கெட் மைதானம்கூட இல்லை. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் குசினிக்குப் போனால் அது எதிர்ப்பில்லை, தேத்தண்ணி.

சபையைத் தெரிவுசெய்வது கழகங்களும் சங்கங்களும். உங்களிடம் வாக்கு இருக்கிற ஒரே இடம் ஊர் விளையாட்டுக் கழகம். நானும் ஒருமுறை அங்கேதான் தொடங்கினேன். வருடாந்தப் பொதுக்கூட்டம், பிளேன்டீ, மாரி பிஸ்கட். மென்பந்துச் சுற்றுப்போட்டிச் செலவறிக்கையில் பந்து 6, பொன்னாடை 14. பிரதம அதிதி இரண்டு மணி நேரம் பிந்தி வந்து, பொடியன்களை வெயிலில் நிறுத்தி ஒழுக்கம் பற்றிப் பேசிய அதே போட்டி. எழுந்து கேட்டேன்: ‘பந்தைவிடப் பொன்னாடை ஏன் கூட?’ மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒருவர் புதிய பொருளாளராக என்னை முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார், எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்த வருட அறிக்கையில் பந்து 6, பொன்னாடை 15. அந்தக் கூடுதல் ஒன்று பொருளாளருக்கு. பச்சை நிறம், சரிகைக் கரை, பெட்டியில் அப்படியே இருக்கிறது. கொடும்பாவிக்கு உடுத்த வேண்டுமென்றால் காரைதீவு பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்.