ரிப்போர்ட்ல 'நடுவுல'ன்னு வந்தா என்ன அர்த்தம்? – வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

கேள்வி: டாக்டர் ஐயா, வணக்கம். எனக்குப் பொறந்த ஊரு செங்கோட்டை, கட்டிக்கொடுத்தது புனலூர்ல. அப்பாவுக்கு 74 வயசு, நாப்பது வருஷமா காய்கறி கமிஷன் மண்டி வச்சிருக்காவ, லோடு பூரா மலையேறி கொல்லம் பக்கந்தான் போகும். ஒரு வருஷமா கேட்டதையே திரும்பத் திரும்பக் கேக்காவ, போன ஐப்பசியில ஒரே லாரிக்கு ரெண்டு தடவ வாடகை குடுத்துட்டாவ. திருவனந்தபுரத்துல ஒரு ஆஸ்பத்திரியில காட்டுனோம். ஞாபக டெஸ்ட்ல 30க்கு 22. அல்சைமர்ங்கிற மறதி நோய் இருக்கான்னு பாக்க ரத்தத்துல பி-டௌ 217னு ஒரு டெஸ்ட் எடுத்தாங்க, அதுல 'இன்டர்மீடியட்'னு வந்திருக்கு. இருக்கா இல்லையான்னு கேட்டா 'ரெண்டுக்கும் நடுவுல'ங்காங்க. அண்ணன் 'ஆரம்பிச்சாச்சு, மண்டியை இப்பவே எழுதி வாங்கிருவோம்'ங்கான். அப்பாவுக்கு பன்னெண்டு வருஷமா சுகர், மெட்ஃபார்மின் போடுதாவ, கிரியேட்டினின் 1.7, கால் எரிச்சலுக்கு ராத்திரி ஒரு மாத்திரை, அமிட்ரிப்டிலின். என்ன செய்ய?
– வாசகி, புனலூர்

பதில்: முதல்ல அண்ணன்கிட்ட சொல்லுங்க, பத்திரம் எங்கயும் ஓடிப்போயிடாது. இந்த ரிப்போர்ட்டைக் காட்டி ஒருத்தரோட கையெழுத்துக்கு மதிப்பில்லைன்னு யாரும் சொல்ல முடியாது.

அந்த டெஸ்ட் என்ன பாக்குதுன்னு சொல்றேன். அல்சைமர்ல மூளையில அமிலாய்டுன்னு ஒரு புரதம் திட்டுத்திட்டா படியும், அதைத் தொடர்ந்து டௌங்கிற இன்னொரு புரதம் மாறிப்போய் செல்லுக்குள்ள சிக்கலா முறுக்கிக்கும். அப்படி மாறின டௌ கொஞ்சம் ரத்தத்துலயும் கசியும், அதைத்தான் அளக்கறாங்க. இதுக்கு ஒரே கோடு போட்டு இந்தப் பக்கம் நோய், அந்தப் பக்கம் நல்லதுன்னு பிரிச்சா ரெண்டு பக்கமும் தப்பு நிறைய விழும். அதனால வேணும்னே ரெண்டு கோடு போட்டிருக்காங்க. கீழ்க்கோட்டுக்கும் கீழ இருந்தா அமிலாய்டு அநேகமா இல்ல, மேல்கோட்டுக்கும் மேல இருந்தா அநேகமா இருக்கு, நடுவுல விழுந்தா இந்த டெஸ்ட்டால சொல்ல முடியல. அவ்வளவுதான், அது 'பாதி அல்சைமர்' இல்ல. அமெரிக்காவுல மருந்துக்கும் டெஸ்ட்டுக்கும் அனுமதி குடுக்கற அரசு அமைப்பு எஃப்டிஏ, 2025 மே மாசம் முதல்முதலா இந்த மாதிரி ஒரு ரத்த டெஸ்ட்டுக்கு அனுமதி குடுத்துச்சு, பி-டௌ 217ஐயும் அமிலாய்டு 42ங்கிற ஒரு வகை அமிலாய்டையும் விகிதமா பாக்கறது. அவங்க பரிசோதிச்ச 499 பேர்ல பாசிட்டிவ் வந்தவங்கள்ல 91.7 சதவீதம் பேருக்கு நிஜமாவே அமிலாய்டு இருந்துச்சு, நெகட்டிவ் வந்தவங்கள்ல 97.3 சதவீதம் பேருக்கு இல்ல, ஆனா 20 சதவீதத்துக்குக் கொஞ்சம் கம்மியான பேர் இந்த நடுவுலதான் மாட்டுனாங்க. உங்கப்பா ஒண்ணும் அபூர்வமான கேஸ் இல்ல.

உங்கப்பாவுக்கே புரியற மாதிரி சொல்லணும்னா, ஒரே லோடை ரெண்டு எடைமேடையில ஏத்திப் பாத்தா இருவது கிலோ முன்னப்பின்ன வரும்ல, அந்தக் கதைதான். ஒரு லேப் கம்பெனி மிஷின்ல வந்த நம்பரை இன்னொரு லேப் கோட்டோட வச்சுப் பாக்கக்கூடாது, திரும்ப எடுத்தா அதே லேப்ல அதே முறையில எடுக்கணும்.

இப்ப கிரியேட்டினின் 1.7. கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற நம்பர் இது, 1.7 கொஞ்சம் அதிகம். இதை நீங்க கடைசியில போற போக்குல எழுதியிருக்கீங்க, எனக்கு அதுதான் முதல்ல கண்ணுல பட்டுச்சு. கிட்னி மெதுவா வேலை செஞ்சா இந்த டௌ ரத்தத்துல தேங்கும், மூளையில பெருசா ஒண்ணும் இல்லாமலே நம்பர் ஏறும். ரொம்ப குண்டா இருக்கறவங்களுக்கு நேர்மாறா, நம்பர் இறங்கிக் காட்டலாம். ஆக உங்கப்பாவோட 'நடுவுல' கிட்னி தூக்கிவிட்ட நடுவுலயா இருக்கலாம், எழுதிக்குடுத்த டாக்டருக்கு அந்த கிரியேட்டினின் தெரியுமான்னு முதல்ல கேளுங்க.

அடுத்தது அந்த ராத்திரி மாத்திரை. அமிட்ரிப்டிலின் கால் எரிச்சலுக்கு நல்ல மாத்திரைதான், ஆனா வயசானவங்களுக்கு ஞாபகத்தை மழுக்கும், பகல்ல மந்தமாக்கும். நீங்களா சட்டுன்னு நிறுத்திடாதீங்க, எழுதிக்குடுத்தவர்கிட்டயே வேற மாத்தித் தரச் சொல்லுங்க. பன்னெண்டு வருஷ மெட்ஃபார்மின்ல பி12 குறையும், பி12 குறைஞ்சா மறதியும் வரும் கால் எரிச்சலும் வரும், அதனால ஒரு பி12, கூடவே தைராய்டு. காது நல்லா கேக்குதா, ராத்திரி குறட்டை விட்டு மூச்சு நிக்குதா, மனசு ஒடஞ்சு போயிருக்காரா, இதெல்லாம் பாக்காம டௌ பாக்கறது வாசலை விட்டுட்டு ஓட்டைப் பிரிச்சு இறங்கற மாதிரி. எம்ஆர்ஐ எடுக்கலேன்னா அதுவும் வேணும்.

அப்புறம் அந்த 22. டெஸ்ட் எந்த பாஷையில நடந்துச்சு? உங்கப்பா மலையாளம் பொளந்து கட்டுவார், லோடுக்காரங்ககிட்ட நாப்பது வருஷம் பேசுன பாஷை, ஆனா படிச்சது தமிழ்ல, கணக்குப் போடறது தமிழ்ல. யாரோ மலையாளத்துல அஞ்சு வார்த்தை சொல்லி அஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்பச் சொல்லுங்கன்னா அவருக்கு ரெண்டு மார்க் போகும், அது மறதி இல்ல. மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு ஐசிஎம்ஆர், நம்ம நாட்டுக்குன்னு ஒரு ஞாபக டெஸ்ட் தொகுப்பு பண்ணுச்சு, அதைக் கொண்டுவந்த முதல் அஞ்சு பாஷை இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம், நம்ம தமிழ் அதுல இல்லேங்கறதுல எனக்கு இன்னும் வருத்தம். நானே ஒரு பெரியவர்கிட்ட உக்காந்து கேட்டிருக்கேன். இது என்ன மாசம்னேன், 'ஆவணி பொறந்து ஆறு நாளாச்சு'ன்னார். என்ன பருவம்னேன், 'சாரல் முடியப்போவுது'ன்னார். கூட இருந்த பையன் ரெண்டுக்கும் சைபர் போட்டு வச்சிருந்தான், ஃபார்ம்ல ஆகஸ்ட்னும் மழைக்காலம்னும் இருந்துச்சாம். குத்தாலத்துக்குப் பக்கத்துல இருக்கறவருக்கு அதை விட சரியான பதில் என்ன இருக்கு? தமிழ்ல, அவருக்குப் பழக்கமான ஆள் வச்சு, இன்னொரு தடவ பண்ணச் சொல்லுங்க.

ஆனா ரெண்டு தடவ வாடகை குடுத்ததை நான் லேசா எடுத்துக்கல. நாப்பது வருஷக் கணக்குக்காரர் கணக்குல தடுமாறுறது வயசு மறதின்னு தள்ளற விஷயமில்ல. மேல சொன்னதெல்லாம் சரிபண்ணி ஆறு மாசம் கழிச்சு அதே ஞாபக டெஸ்ட்டைத் திரும்பப் பண்ணி, அப்பவும் மார்க் இறங்கிட்டே போனா முதுகுத்தண்டு நீர் டெஸ்ட்டோ மூளையில படிஞ்ச அமிலாய்டைப் படமா காட்டற பெட் ஸ்கேனோ பாக்கலாம். அதுலயும் ஒரு கொக்கி இருக்கு, 70 வயசுல ஒரு குறையும் இல்லாதவங்கள்லயே சுமாரா நாலுல ஒருத்தருக்கு அமிலாய்டு இருக்கும். இருக்குன்னு வந்தாலும் மறதிக்கு அதுதான் காரணமான்னு ஆளைப் பாத்துத்தான் சொல்லணும்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயசு, குமுளியில ஏலக்காய் தோட்டத்து வீட்டுல எங்ககூட இருக்காங்க. முதுகுல ஊசி குத்தி நீர் எடுத்து டெஸ்ட் பண்ணதுல அமிலாய்டு 42/40 விகிதம் 0.066, டௌ ரெண்டு வகையுமே நார்மல். ஒரு டாக்டர் அல்சைமர்ங்கறார், இன்னொருத்தர் இல்லேங்கறார். பகல்ல நல்லாயிருக்காங்க, அந்தி சாஞ்சா முற்றத்துல சின்னப்பிள்ளைங்க நிக்குதுங்கறாங்க, சில நாள் தெளிவு சில நாள் குழப்பம்.
– வாசகர், குமுளி

பதில்: இந்த விகிதத்தை அளக்கற ஒரு முறைக்கு எஃப்டிஏ 2022ல அனுமதி குடுத்தப்போ 0.058 வரைக்கும் பாசிட்டிவ், 0.073லருந்து நெகட்டிவ், நடுவுல 'பாசிட்டிவா இருக்க வாய்ப்பு'ன்னு வச்சாங்க. உங்க லேப் அதே முறைன்னா 0.066 சரியா நட்டநடுவுல. வேற முறைன்னா இந்தக் கோடு செல்லாது, ரிப்போர்ட் அடியில பாருங்க. நீரை எந்தக் குழாய்ல பிடிச்சாங்கன்னும் கேளுங்க. அமிலாய்டு 42 கண்ணாடியிலயும் பாலிஸ்டைரீன்லயும் ஒட்டிக்கும், ஒட்டினது போக மிச்சந்தான் மிஷினுக்குத் தெரியும், நோய் இருக்கற மாதிரி நம்பர் இறங்கும். பாலிப்ரொப்பிலீன் குழாய்தான் வேணும். அமிலாய்டு 40ங்கிற இன்னொரு வகையையும் சேர்த்து விகிதமா பாக்கறதால இந்தத் தப்பு கொஞ்சம் குறையுமே தவிர ஒரேயடியா போகாது.

ஆனா அண்ணே, நான் அந்த நம்பரை விட முற்றத்துல நிக்கற பிள்ளைங்களைத்தான் பாக்கறேன். இல்லாத ஆள் தெளிவா கண்ணுக்குத் தெரியறது, நாளுக்கு நாள் ஏறி இறங்கற குழப்பம், இது லூயி பாடி டிமென்ஷியாங்கிற வேற வகை மறதி நோயா இருக்கலாம். அந்த நோய்லயும் நிறைய பேருக்கு அமிலாய்டு படியும், அதனால 0.066 அதோடயும் ஒத்துப்போகும், ரெண்டு டாக்டரும் ஒரே பேப்பரைப் பாத்து வேற வேற சொன்னதுல ஆச்சரியமில்ல. நடை மெதுவாச்சா, கை நடுங்குதா, தூக்கத்துல கத்தி கைகாலை உதறுறாங்களான்னு எழுதி எடுத்துட்டுப் போங்க. முக்கியமா ஒண்ணு, உருவம் தெரியுதுன்னு சொன்னா சில இடத்துல ஹாலோபெரிடால்ங்கிற மனநோய் மருந்தைக் குடுத்துருவாங்க, லூயி பாடி இருக்கறவங்களுக்கு அது ஒரேயடியா உடம்பை விறைக்க வச்சு ஆளைச் சாய்ச்சிரும். சந்தேகம் இருக்குன்னு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வார்த்தையா சொல்லுங்க.

கேள்வி: எனக்கு 45 வயசு, களியக்காவிளையில கடை. அம்மாவுக்கு அல்சைமர், நான்தான் பாத்துக்கறேன். ரத்த டெஸ்ட் இப்பவே எடுத்துடலாமா?
– வாசகர், களியக்காவிளை

பதில்: வேணாம். அறிகுறி இல்லாதவங்களுக்கு ஆராய்ச்சிக்கு வெளிய இந்த டெஸ்ட் எடுக்காதீங்கன்னு அல்சைமர்ஸ் அசோசியேஷன்ங்கிற அமெரிக்க அமைப்பு 2024ல வெளியிட்ட வரையறையிலயே இருக்கு, எஃப்டிஏ அனுமதியும் 55 வயசுக்கு மேல அறிகுறி இருக்கறவங்களுக்குத்தான். நடுவுலன்னு வந்துட்டா ராத்திரி பூரா கூகுள்தான். அந்தக் காசுக்கு பிபி, சுகர், கொழுப்பு, காது நாலும் பாத்துடுங்க. அம்மாவை நீங்கதான் பாத்துக்கறீங்கன்னு எழுதியிருக்கீங்க, ராத்திரி எத்தனை மணிநேரம் தூங்குறீங்கன்னு எழுதல. அடுத்த லெட்டர்ல அதை எழுதுங்க.