ரிசப்ஷனிஸ்ட்டுக்கு எப்படி நன்றி சொல்வது?

கேள்வி: காலையில் அம்மாவுக்குத் திடீரென்று பேச்சு குழறியது. வழக்கமான டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் கேட்டு கிளினிக்குக்கு போன் செய்தேன். ரிசப்ஷனில் இருந்த பெண், "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது? ரெண்டு கையையும் தூக்க முடியுதா?" என்று கேட்டுவிட்டு, "இங்கே கூட்டிட்டு வராதீங்க, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்றார். பக்கவாதம்தான். அம்மா இப்போது தேறி நடமாடுகிறார். அந்தப் பெண்ணுக்கு ஒரு கவரில் பணம் வைத்துக் கொடுக்கலாமா?

பதில்: பணம் வேண்டாம். நோயாளிகளிடம் கைநீட்டக் கூடாது என்று பல இடங்களில் ஊழியர்களுக்குக் கண்டிப்பான விதி உண்டு. வாங்கினால் அவருக்கு வம்பு, மறுத்தால் உங்களுக்குச் சங்கடம். யாராவது பார்த்துவிட்டால், 'காசு கொடுத்தால் முன்னால் விடுவார்' என்ற பேச்சும் கிளம்பும்.

அவர் செய்தது சின்ன உதவி அல்ல. ரத்தக்கட்டி அடைத்து வரும் பக்கவாதத்தில், கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய 4½ மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கும் முன்னால் ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று பார்க்க வேண்டும். சாதாரண கிளினிக்கில் இரண்டுக்கும் வழியில்லை. "பதினோரு மணிக்கு வாங்க" என்று அவர் டோக்கன் போட்டிருந்தால் அந்த நேரம் வீணாகியிருக்கும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று கேட்டாரே, ஆஸ்பத்திரியிலும் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்கள்.

ஆகவே கடிதம் எழுதுங்கள், டாக்டர் பெயருக்கோ மேனேஜர் பெயருக்கோ. ஒரு நகல் அந்தப் பெண்ணுக்கு. வாயால் சொன்ன நன்றி கவுன்ட்டரோடு போய்விடும். எழுத்தில் இருந்தால் சம்பள உயர்வு பேசும்போது எடுத்துக்காட்ட அவருக்கு ஒரு தாள் இருக்கும். புகார் எழுதத்தான் எல்லோருக்கும் கை வருகிறது!

அரைப் பக்கம் போதும். போன் செய்த தேதி, நேரம், அவர் கேட்ட கேள்விகள், சொன்ன பதில், அம்மாவின் இப்போதைய நிலை. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தேதியையும் நேரத்தையும் வைத்து யார் டியூட்டி என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு வார்த்தையில் மட்டும் கவனம். 'நோயைக் கண்டுபிடித்தார்' என்று எழுதிவிடாதீர்கள். நோயைத் தீர்மானிப்பது டாக்டர் வேலை. ரிசப்ஷனில் இருப்பவர் அதைச் செய்தார் என்று வந்தால், பாராட்டே அவருக்கு விளக்கம் கேட்கும் நோட்டீஸாக மாறலாம். 'ஆபத்தான அறிகுறி என்று உணர்ந்து, தாமதிக்காமல் சரியான இடத்துக்கு அனுப்பினார்' என்று எழுதுங்கள். நடந்ததும் அதுதான். இதேபோல, இவர் எங்களை வரிசைக்கு முன்னால் விட்டார் என்று நன்றிக் கடிதத்தில் எழுதி மாட்டிவிடுகிறவர்களும் உண்டு.

கூகுளில் ரிவ்யூ போடுவதாக இருந்தால் அம்மாவின் பெயர், நோய் விவரம், அந்தப் பெண்ணின் போட்டோ எதுவும் வேண்டாம். அவர் பெயரைக்கூட அவரிடம் கேட்டுக்கொண்டு போடுங்கள்.

கையில் ஏதாவது கொடுத்தே தீர வேண்டும் என்றால், பிரிக்காத பிஸ்கட் டப்பா ஒன்றை எல்லா ஊழியர்களுக்கும் பொதுவாகக் கொடுங்கள். வாங்கிக்கொள்வார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. கிளினிக் திறந்ததும் போகாதீர்கள். இரண்டு போனும் சேர்ந்து அடிக்கும் நேரம் அது. கூட்டம் வடிந்த பிறகு போனால் நின்று இரண்டு வார்த்தை பேச முடியும். இந்தப் பழக்கத்தை வைத்து, அடுத்த தடவை டோக்கன் இல்லாமல் உள்ளே விடச் சொல்லி மட்டும் கேட்டுவிடாதீர்கள்.