நடைப்பயிற்சி மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு 67 வயது. ஆசிரியைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவள். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் பல ஆண்டுகளாக மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். தினமும் காலையில் முக்கால் மணி நேரம் கோயில் வெளிப்பிராகாரத்தைச் சுற்றி நடக்கிறேன். அப்படியிருந்தும், சென்ற நவராத்திரியில் கொலுவுக்குப் போன வீட்டில் தரையில் அமர்ந்து பாடிவிட்டு எழுந்திருக்க முடியாமல், இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியதாயிற்று. முழங்கால் வலியும் இருக்கிறது. உடற்பயிற்சி ஏதாவது செய்யலாமா என்று கேட்டால், “இந்த வயதில் அதெல்லாம் எதற்கு, மூட்டு தேய்ந்துவிடும், ஓய்வாக இருங்கள்” என்கிறார்கள் பிள்ளைகள். நடப்பது போதாதா? இனிமேல் தொடங்கினால் பலன் கிடைக்குமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நடையை எக்காரணம் கொண்டும் நிறுத்திவிடாதீர்கள், ஆனால் அது மட்டும் போதாது. உங்களுக்குக் குறைந்திருப்பது பெரும்பாலும் தொடையிலும் இடுப்பிலும் உள்ள தசைகளின் வலிமைதான். அதை 67 வயதில் மட்டுமல்ல, அதற்குப் பிறகும் திரும்பப் பெற முடியும்.

சமதரையில் நடப்பதால் இதயமும் நுரையீரலும் பயன் பெறுகின்றன, சர்க்கரை கட்டுப்படுகிறது, மனமும் தெளிவாக இருக்கிறது. ஆனால் நடக்கும்போது தொடைத் தசை தன் முழு வலிமையில் ஒரு சிறு பகுதியைத்தான் செலவிடுகிறது. தரையிலிருந்து எழும்போதோ உடலின் முழு எடையையும் அதே தசை தூக்கியாக வேண்டும். நாற்பது வயதை ஒட்டி மெல்லக் குறையத் தொடங்கும் தசை, அறுபதுக்குப் பிறகு இன்னும் வேகமாகக் குறைகிறது. அதிலும் முதலில் நலிவது, கால் இடறியதும் சட்டென்று நம்மைத் தாங்கிப் பிடிக்கும் வேகமான தசைநார்கள்தாம். நம் பாட்டிமார் அரிவாள்மணையின் முன் அமர்ந்து காய் நறுக்கி, தரையில் இலை போட்டுச் சாப்பிட்டு, ஒரு நாளில் எத்தனையோ முறை உட்கார்ந்து எழுந்தார்கள். அந்த வேலை அவர்கள் அறியாமலேயே தொடைக்குப் பயிற்சியாக அமைந்தது. இன்று நின்றபடி சமைக்கிறோம், மேசையில் சாப்பிடுகிறோம். மூட்டு வலி உள்ளவர்களுக்கு இது வசதிதான். ஆனால் இழந்த அந்த வேலைக்கு ஈடாக வேறொன்றை நாமாகச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை நடை போன்ற மிதமான உழைப்பு வேண்டும்; அதோடு, 65 வயதைக் கடந்தவர்கள் சமநிலையையும் வலிமையையும் வளர்க்கும் பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும்.

இனிமேல் பலன் இருக்குமா என்ற உங்கள் ஐயத்துக்கு, 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மரியா ஃபியாட்டரோனே என்ற மருத்துவரின் குழு வெளியிட்ட ஆய்வைத்தான் நான் எப்போதும் எடுத்துக்காட்டுவேன். முதியோர் இல்லமொன்றில் இருந்த, தொண்ணூறு வயதையொட்டிய, மிகவும் தளர்ந்துபோன பத்துப் பேருக்கு, எட்டு வாரங்கள் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. இருவர் கைத்தடி இல்லாமலேயே நடக்கத் தொடங்கினார்கள். அவர்களை விட நீங்கள் இருபது வயதுக்கு மேல் இளையவர்.

மூட்டு தேய்ந்துவிடும் என்று உங்கள் பிள்ளைகள் அஞ்சுவது அன்பினால்தான். ஆனால் அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை. மூட்டின் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டின் மீது பாரம் ஏறி இறங்கும்போது உள்ளிருக்கும் திரவம் அதற்குள் புகுந்து வெளியேறுகிறது. அதிலிருந்துதான் அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. முழங்கால் தேய்மானத்துக்கு இன்று மருத்துவர்கள் முதலில் பரிந்துரைப்பதே, தொடையின் முன்பக்கத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியைத்தான். பயிற்சியின்போது இலேசாக வலித்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் கவலை வேண்டாம். மறுநாள் மூட்டு வீங்கியிருந்தாலோ வலி கூடியிருந்தாலோ, எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் முதல் பயிற்சிக்கு ஒரு நாற்காலி போதும். வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். அதன் முன்பாதியில் உட்கார்ந்து, இரு பாதங்களையும் முழங்காலுக்குச் சற்றே பின்னால் இழுத்து வைத்து, கைகளை மார்பின் குறுக்கே மடித்துக்கொள்ளுங்கள். மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை உடலை முன்னால் சாய்த்து, பாதத்தை அழுத்தி, மூச்சை வெளியே விட்டபடி எழுங்கள். பலர் எழுவதற்குத்தான் கவனம் கொடுக்கிறார்கள். உண்மையில் வலிமை சேர்ப்பதில் உட்காருவதற்கும் சம பங்கு உண்டு. பொத்தென்று விழாமல், மனத்துக்குள் நான்கு எண்ணி முடிக்கும்வரை மெல்ல மெல்ல இறங்குங்கள். கைகளின் துணையில்லாமல் எழ முடியாவிட்டால், இருக்கையில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து ஐந்தாக இருமுறை செய்து, சில வாரங்களில் பத்துப் பத்தாக உயர்த்துங்கள். தொடங்கும் முன் ஒரு கணக்கு எடுத்து வையுங்கள்: கையை ஊன்றாமல் 30 நொடியில் எத்தனை முறை எழுந்து நிற்கிறீர்கள்? உங்கள் வயதுப் பெண்களுக்கு 11க்குக் கீழே வந்தால் அது சராசரிக்கும் குறைவு.

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவதையும், காலைப் பக்கவாட்டில் தூக்குவதையும், ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறுபாதத்தை வைத்துப் பத்து நொடி நிற்பதையும் இதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் முதியோருக்காக வகுக்கப்பட்ட பயிற்சித் திட்டம் இத்தகைய எளிய அசைவுகளால் ஆனதுதான். வீட்டிலேயே செய்யக்கூடிய அத்திட்டம், கீழே விழுவதை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. கால் ஓரளவு வலுப்பெற்ற பின், வீட்டில் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு தரையிலிருந்து எழவும் பழகுங்கள். பக்கவாட்டில் திரும்பி, கைகளையும் முழங்கால்களையும் மெத்தென்ற விரிப்பில் ஊன்றி, நாற்காலியைப் பிடித்து, ஒரு பாதத்தை முன்னால் வைத்து எழுவதே முறை.

சர்க்கரைக்கு நீங்கள் எடுப்பது கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ என்றால், பயிற்சியின்போது சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்புண்டு. கையில் எப்போதும் குளுக்கோஸோ சர்க்கரையோ வைத்திருங்கள். வெறும் வயிற்றில் நீண்ட நேரம் நடக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்திய செய்தி இன்னொன்றும் உண்டு. பிராகாரத்தில் வெறுங்காலோடுதான் நடக்க முடியும். நீண்டகாலச் சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருக்கலாம். சூடேறிய கல்லோ குத்திய முள்ளோ தெரியாமலேயே புண்ணாகிவிடும். ஆகையால் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று மருத்துவர் பரிசோதித்துச் சொல்லும்வரை, கால்களை மூடும் காலணி அணிந்து தெருவிலோ பூங்காவிலோ நடங்கள்; கோயிலுக்கு வழிபாட்டுக்காக மட்டும் செல்லுங்கள். இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கும் வழக்கத்தையும் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேர நடையை ஒரே மூச்சில் முடிக்காமல், ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் கால் மணி நேரம் எனப் பிரித்தால், உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை இன்னும் நன்றாக அடங்கும். விழித்திரையில் பாதிப்பு இருந்தால், பயிற்சியைத் தொடங்குமுன் கண் மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள்.

தசை வளரப் புரதமும் வேண்டும். முதியவர்களுக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்று வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். சாதத்தின் மேல் ஊற்றும் ஒரு கரண்டி சாம்பாரால் இது நிறையாது. சிறுநீரகம் நலமாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, ஒவ்வொரு வேளையிலும் சுண்டல், பாசிப்பயறு, தயிர், முட்டை (ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம்) என ஏதாவது ஒன்று தட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வழக்கத்தை மீறிய மூச்சிரைப்பு ஆகியவற்றுள் எது வந்தாலும் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பதால், படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு நிற்பது நல்லது.

இந்தப் பதிலை உங்கள் பிள்ளைகளிடம் படித்துக் காட்டுங்கள். முதல் நாள் நாற்காலிப் பயிற்சியின்போது அவர்களில் ஒருவரை உடன் இருக்கச் சொல்லுங்கள். இயன்முறை மருத்துவர் ஒருவர் ஒருமுறை உங்களைப் பார்த்துத் திருத்திவிடுவது மிகவும் உதவும். தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். ஆறு வாரம் கழித்து அந்த 30 நொடிக் கணக்கை மறுபடியும் எடுங்கள். எண்ணிக்கை கொஞ்சமும் ஏறவில்லை என்றால், வைட்டமின் டி, தைராய்டு ஆகிய பரிசோதனைகளைச் செய்துகொண்டு, முடிவுகளுடன் உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.