முதியோர் விழாமல் தடுக்க எந்தச் செலவு வீண் போகாது? கேள்வி பதில்

வயதானவர்களுக்குப் பிசியோதெரபி பார்ப்பவன் என்பதால், விழுவதைத் தடுக்க ஆகும் செலவு பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அப்பாவுக்கு 78. பாத்ரூமில் கைப்பிடி வைக்கலாம் என்றால், "இதுவரை விழவே இல்லையே, எதற்கு தண்டச் செலவு?" என்கிறார் அண்ணன். (சேலம்)

தண்டச் செலவே இல்லை. நியூசிலாந்தின் தரநாக்கி பகுதியில் 842 வீடுகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதி வீடுகளில் மட்டும் முதலில் சின்னச் சின்ன வேலைகள் செய்தார்கள்: படிக்கட்டுக்குக் கைப்பிடி, வெளிப்படி ஓரங்களில் வழுக்காத பட்டை, குளிக்கும் இடத்தில் பிடிமானம், நல்ல வெளிச்சம். அந்த வீடுகளில் விழுந்து அடிபட்டுச் சிகிச்சைக்குப் போவது 26 சதவீதம் குறைந்தது. போட்ட பணத்தைப் போல் குறைந்தது ஆறு மடங்கு பலன் என்று பிறகு கணக்கிட்டார்கள்.

ஒன்றை மட்டும் அண்ணனிடம் அவசியம் சொல்லுங்கள். துண்டு காயப்போடும் கம்பி பிடிமானம் ஆகாது. வழுக்கும் நேரத்தில் உடம்பின் பாரம் முழுவதும் அதில் இறங்கும், திருகோடு கையில் வந்துவிடும். டைல்ஸைத் தாண்டிச் சுவருக்குள் ஆழமாக போல்ட் போட்டு, ஆள் தொங்கினாலும் அசையாதபடி பொருத்தச் சொல்லுங்கள்.

உடற்பயிற்சியால் நிஜமாகவே பயன் உண்டா சார்? அம்மாவுக்கு 82. (திருச்சி)

இருப்பதிலேயே பலமான சான்று இதற்குத்தான். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய பயிற்சியை மேற்கு ஆக்லாந்தில் 75 வயது தாண்டியவர்களிடம் சோதித்தார்கள். மொத்தம் 240 பேர். நர்ஸ் வீட்டுக்கே போய்க் கற்றுக்கொடுத்தார். விழுவது 46 சதவீதம் குறைந்தது. பயிற்சி இல்லாத பிரிவில் ஐந்து பேர் விழுந்து அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பயிற்சி செய்த பிரிவில் ஒருவர்கூட இல்லை. ஒரு விழுதலைத் தடுக்க 1,803 நியூசிலாந்து டாலர் ஆனது. மிச்சமான மருத்துவமனைச் செலவைக் கழித்தால் வெறும் 155. 80 தாண்டியவர்களிடம் செலவு போக லாபமே நின்றது. உங்கள் அம்மா அந்த வயதில்தான் இருக்கிறார்.

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால் தூக்குவது, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதத்தை ஒட்டி வைத்து நடப்பது. வாரம் மூன்று நாள். முதல் சில தடவை பிசியோ ஒருவர் நேரில் பார்த்துத் தரட்டும்.

வைட்டமின் டி மாத்திரை?

குறைபாடு இருந்தால் போடுங்கள். விழாமல் இருப்பதற்காக என்று மட்டும் வாங்க வேண்டாம்.

எங்கள் சங்கத்தில் எல்லா மூத்தவர்களுக்கும் விழும் ஆபத்து உண்டா என்று பரிசோதனை நடத்தலாமா? (கோவை)

நல்ல எண்ணம். ஆனால் இங்கிலாந்தில் 70 தாண்டிய ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் தபாலில் கேள்வித்தாள் அனுப்பி, ஆபத்து உள்ளவர்களைப் பிரித்துச் சிகிச்சைக்கு அனுப்பிப் பார்த்தார்கள்; எலும்பு முறிவு குறையவில்லை. அதனால் பணத்தை ஏற்கெனவே விழுந்தவர்கள், 80 தாண்டியவர்கள், தள்ளாடி நடப்பவர்கள் பக்கம் திருப்புங்கள். கண்புரை இருந்தால் முதல் கண்ணுக்கு ஆபரேஷனைத் தள்ளிப்போட விடாதீர்கள். சீக்கிரம் செய்துகொண்ட மூதாட்டிகள் விழுவது 34 சதவீதம் குறைந்ததாக 2005இல் வந்த நாட்டிங்ஹாம் ஆய்வு காட்டியது.

தூக்க மாத்திரையை நிறுத்தினால் நல்லதா?

மிக நல்லது, காசும் மிச்சம். நியூசிலாந்தில் 1999இல் வெளியான ஆய்வில் இந்த வகை மாத்திரைகளைப் படிப்படியாக நிறுத்தியபோது விழுவது 66 சதவீதம் குறைந்தது. ஆனால் ஆய்வு முடிந்த ஒரே மாதத்தில் ஏறத்தாழ பாதிப் பேர் மறுபடி மாத்திரைக்கே போய்விட்டார்கள். அதனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் கேட்டு மெல்ல மெல்லக் குறையுங்கள். நிறுத்திய பிறகும் சில மாதம் வீட்டில் யாராவது தூக்கத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருங்கள்.