பயப்படுகிற நாளில்

அன்புள்ள ஐயா,

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவள் நான். என் கணவருக்கு வயிற்றில் கட்டி இருப்பது ஸ்கேனில் தெரிந்து, திசுப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. புத்தாண்டு ஆராதனையில் எங்களுக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் 'நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்' என்ற ஏசாயாவின் வசனம் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் குற்றவுணர்வுதான் வருகிறது, ஏனெனில் நான் பயப்படுகிறேன். இரவில் முழங்காலிட்டால், கேட்பதற்கு ஒருவர் இருக்கிறாரா என்றே தோன்றுகிறது. வீட்டு ஜெபக்கூட்டத்தில் இதை லேசாகச் சொன்னேன். விசுவாசம் குறைந்தால் சுகம் கிடைக்காது என்றார் ஓர் அக்கா. என் சந்தேகம் என் கணவருடைய நோயைக் கூட்டிவிடுமா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள சகோதரிக்கு,

கூட்டாது. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று கேட்டபோது, இயேசு இரண்டையுமே மறுத்ததை யோவான் 9-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்த அக்கா அன்பினால்தான் சொல்லியிருப்பார்; ஆனாலும் நோயாளியின் வீட்டார்மேல் நோயின் பழியையும் ஏற்றிவைக்கிற பேச்சைச் சுவிசேஷம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

உங்கள் நிலையில் இருந்த ஒருவரை மாற்கு 9-ஆம் அதிகாரம் காட்டுகிறது. சிறு வயதிலிருந்தே மகன் தீயிலும் தண்ணீரிலும் விழுவதைப் பார்த்துத் தவித்த ஒரு தகப்பன், சீஷர்களால் சுகப்படுத்த முடியாமற்போன பிறகு இயேசுவிடம் வந்து, உம்மால் ஏதாகிலும் செய்யக்கூடுமானால் உதவும் என்கிறான். 'கூடுமானால்' என்று சொல்லும் அளவுக்கு அவன் நம்பிக்கை தேய்ந்திருந்தது. விசுவாசித்தால் எல்லாம் கூடும் என்று இயேசு சொன்னதும் அவன், 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று கண்ணீரோடு கதறினான். சந்தேகத்தை முழுதாகத் துடைத்துவிட்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அந்தக் கலங்கிய ஜெபத்துக்குப் பின்தான் பிள்ளை சுகமானான்.

உங்கள் அட்டையிலுள்ள வசனத்தையும் அதன் இடத்தில் வைத்து வாசியுங்கள். ஏசாயாவின் அந்தப் பகுதி, எருசலேமை இழந்து பாபிலோனில் சிறைப்பட்டிருந்த ஜனங்களை நோக்கிப் பேசுகிறது; அவர்கள் ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்தவர்கள். இருட்டில் அலறும் குழந்தையிடம் தாய் 'பயப்படாதே' என்று சொல்வது அதட்டல் ஆகுமா? இதுவும் அப்படிப்பட்ட சொல்தான். காத் ஊரில் பெலிஸ்தரிடம் அகப்பட்ட தாவீதின் பாடலாகிய 56-ஆம் சங்கீதமோ, 'நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்' என்கிறது. பயம் தீர்ந்த பிறகு நம்புவேன் என்று அவன் தள்ளிப்போடவில்லை.

சபையில் அதிகம் வாசிக்கப்படாத 88-ஆம் சங்கீதத்தையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் முடிவில் துதிக்குத் திரும்பும். இது திரும்புவதில்லை, இருளிலேயே நின்றுவிடுகிறது. கர்த்தாவே, ஏன் உமது முகத்தை எனக்கு மறைக்கிறீர் என்று அதைப் பாடியவன் கேட்கிறான். ஆனாலும் அந்தக் கேள்வியைக் கர்த்தரிடமே கேட்கிறான். நம்புவது என்பதை நான் இவ்வளவாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறேன்: சந்தேகத்தைக்கூட வேறெங்கும் கொண்டுபோகாமல் அவரிடமே கொண்டுபோவது. இயேசுவுக்கு வழியை ஆயத்தம்பண்ணிய யோவான்ஸ்நானன் சிறையிலிருந்து, வருகிறவராகிய மேசியா நீர்தானா என்று இயேசுவிடமே ஆளனுப்பிக் கேட்டதும் அப்படித்தான். அந்தக் கேள்விக்குப் பிறகே, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் அவனைவிடப் பெரியவன் இல்லை என்று இயேசு சொன்னார். நம் காலத்தில் அன்னை தெரசா இருக்கிறார். அவர் கத்தோலிக்கர் என்பதால் நம் சபைகளில் சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து 2007-இல் வெளியான கடிதங்கள், பல பத்தாண்டுகளாக அவர் கடவுளின் அருகாமையை உணராமலே ஜெபித்து வந்ததைக் காட்டின.

சுகம் நிச்சயம் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில், பாடுகளின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்று இயேசுவே கேட்டும் அது நீங்கவில்லை. மருத்துவர் சொல்லும் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். ஜெபம் அதற்கு மாற்று அல்ல.

உங்களால் ஜெபிக்க முடியாத இரவுகளில் பிறர் உங்களுக்காக ஜெபிக்கட்டும். நடக்க முடியாத திமிர்வாதக்காரனைக் கூரை வழியாக இயேசுவிடம் இறக்கிய நால்வரைப் பற்றி எழுதும்போது, இயேசு 'அவர்கள் விசுவாசத்தைக்' கண்டார் என்கிறார் மாற்கு. படுக்கையில் கிடந்தவனின் விசுவாசத்தைத் தனியாகச் சொல்லவில்லை. ஆகவே கூட்டத்தில் சொன்னதுபோல லேசாக அல்லாமல், இந்தக் கடிதத்தில் எழுதிய அளவுக்கு வெளிப்படையாக உங்கள் ஆயரிடம் பேசுங்கள். அவரும் கடிந்துகொண்டால், கடிந்துகொள்ளாத வேறொருவரைத் தேடுங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்