கோல்ஃப் தெரியாத குடும்பத்தோடு செயின்ட் ஆண்ட்ரூஸ்: ஞாயிற்றுக்கிழமையை மையமாக வைத்துத் திட்டமிடுங்கள்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “பதினைந்து ஆண்டுகளாக கோல்ஃப் ஆடுகிறேன். ஸ்காட்லாந்தில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸில் ஒரே ஒரு முறையாவது ஆட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வரும் மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு போகிறேன். மனைவிக்கும், 14 வயது மகளுக்கும், 9 வயது மகனுக்கும் கோல்ஃபில் ஈடுபாடு கிடையாது. 67 வயது அம்மாவும் உடன் வருகிறார், அவருக்கு மூட்டு வலி உண்டு, சைவம். நான் ஆடப் போகும் நேரத்தில் இவர்கள் நால்வரும் என்ன செய்வார்கள்? இரண்டு நாள் போதுமா?”

இரண்டு நாள் போதாது. நான்கு இரவு தங்குங்கள், அதில் ஒரு நாள் கட்டாயம் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். என் ஆலோசனையில் மற்றதையெல்லாம் மாற்றிக்கொள்ளலாம், இதை மட்டும் மாற்றாதீர்கள்.

ஓல்டு கோர்ஸில் ஞாயிறு அன்று ஆட்டம் கிடையாது. அன்று அந்த மைதானம் ஊருக்குப் பூங்கா. தள்ளுவண்டியில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு தாய்மார்கள் வருவார்கள், நாயை அவிழ்த்துவிட்டு முதியவர்கள் நடப்பார்கள். கட்டணம் இல்லை, டிக்கெட் இல்லை. உலகப் புகழ் பெற்ற ஆட்டக்காரர்கள் வெற்றி பெற்ற அதே புல்லின் மீது உங்கள் அம்மா செருப்போடு நடக்கலாம். இது நிர்வாகம் இரக்கப்பட்டுத் தரும் சலுகை அல்ல. அந்தக் கடலோர நிலம் நூற்றாண்டுகளாக ஊர்ப் பொதுச்சொத்து. 1552-லேயே அங்கே விளையாட ஊராருக்கு இருந்த உரிமையை எழுத்தில் உறுதி செய்திருக்கிறார்கள். இன்றும் தனியார் கிளப் எதற்கும் அது சொந்தமில்லை. 1974 முதல் ஓர் அறக்கட்டளை பராமரிக்கிறது. முதல் குழியின் அருகே கம்பீரமாக நிற்கும் ஆர் அண்ட் ஏ (ராயல் அண்ட் ஏன்ஷியன்ட்) என்ற கோல்ஃப் கிளப்பின் கட்டடத்தைப் பார்த்து, மைதானம் அவர்களுடையது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அந்தக் கட்டடம் மட்டுமே கிளப்புக்குரியது.

நான் முதன்முறை மனைவியோடு போனபோது இதைத் தெரிந்துகொள்ளாமல் புதன்கிழமை வந்து சனிக்கிழமை கிளம்பிவிட்டேன். நான் ஆடி முடிக்கும்வரை நான்கரை மணி நேரம் அவள் தூறலில் கம்பி வேலிக்கு வெளியே நின்றாள். அடுத்த முறை ஞாயிறு அன்று இருவரும் சேர்ந்து நடந்தோம். மறுநாள் நான் ஆடும்போது எந்த இடத்தில் நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வேலி இரண்டு நாளும் அதே வேலிதான். இடம் பழகியிருந்ததால் இம்முறை அவள் வெளியாளாக நிற்கவில்லை.

ஆகவே சனிக்கிழமை ஊர் போய்ச் சேருங்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் ரயில் நிலையம் இல்லை. இருந்த பாதையை 1969-ல் மூடிவிட்டார்கள். எடின்பரோவிலிருந்து லூக்கர்ஸ் நிலையத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம், அங்கிருந்து பஸ்ஸிலோ டாக்சியிலோ பத்துப் பதினைந்து நிமிடம். ரயிலில் வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். 1890-ல் திறந்த ஃபோர்த் பாலத்தைக் கடந்ததும் வெகுதூரத்துக்குக் கடல் அந்தப் பக்கம்தான் வரும்.

ஞாயிறு காலை கிரானி கிளார்க்ஸ் விண்ட் என்னும் சந்திலிருந்து தொடங்குங்கள். முதல் குழியின் பாதையையும் பதினெட்டாம் குழியின் பாதையையும் குறுக்கே வெட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போகும் பொதுச்சாலை அது. அங்கிருந்து ஸ்வில்கன் பாலம் சில நிமிட நடைதான், தரையும் சமமானது. ஆடுமாடுகளை ஓட்டிச் செல்லக் கட்டிய சிறிய கல்பாலம். வயது எழுநூறு என்கிறார்கள். 2005-ல் புகழ்பெற்ற அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லாஸ் ஆட்டக்களத்திலிருந்து விடைபெற்றது இதன் மேல் நின்றுதான். 2023-ல் பாலத்தின் முன்னால் புல் தேய்கிறது என்று வட்டமாகக் கல் பாவினார்கள். உலகெங்கும் கண்டனம் எழவே சில நாளில் பெயர்த்துவிட்டார்கள். அந்தப் பாலத்தை மக்கள் எவ்வளவு நேசிக்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அம்மா அங்கிருந்து திரும்பிவிடலாம். பிள்ளைகளோடு நீங்கள் பதினேழாம் குழிவரை போய், குழியைச் சுற்றியுள்ள ‘கிரீன்’ என்னும் பச்சைப் பரப்பின் விளிம்பிலேயே ஓடும் தார்ச்சாலையையும் அதன் ஓரத்துக் கல்சுவரையும் காட்டுங்கள். பந்து சாலையில் விழுந்தால் சாலையில் நின்றே அடித்தாக வேண்டும் என்று சொன்னால் உங்கள் மகன் கண்களை அகல விரிப்பான். குழிகளைச் சுற்றியுள்ள பச்சைப் பரப்பில் மட்டும் கால் வைக்க வேண்டாம். பங்கர் என்னும் மணல் பள்ளங்களில் குதிக்கவும் வேண்டாம். மொத்தம் 112 பள்ளங்கள் இருக்கின்றன, சிலவற்றில் இறங்கினால் பெரியவர்கள் தலைகூட வெளியே தெரியாது. குழந்தைகளுக்கு ஆசை வரத்தான் செய்யும், விளிம்பில் நின்று எட்டிப் பார்ப்பது போதும்.

பெரிய போட்டிகள் நடக்கும் ஞாயிறுகளில் இந்த வாய்ப்பு இல்லை. மே மாதப் பயணத்துக்குப் பொதுவாகச் சிக்கல் வராது, தேதியை மட்டும் அறக்கட்டளையின் இணையதளத்தில் சரிபாருங்கள். 2027 ஜூலையில் அங்கே ‘ஓப்பன்’ என்னும் உலகப் புகழ் பெற்ற கோல்ஃப் போட்டி நடக்கவிருக்கிறது. அதையொட்டிய வாரங்களில் குடும்பத்தோடு போக நினைக்கும் மற்ற வாசகர்கள் வேறு மாதம் பார்ப்பது நல்லது.

இனி உங்கள் ஆட்டம். ஓல்டு கோர்ஸில் ஆடுவதற்கான தினசரிக் குலுக்கலில் குறைந்தது இருவர் சேர்ந்து பெயர் கொடுக்க வேண்டும், அதுவும் ஆட்ட நாளுக்கு இரண்டு நாள் முன்பே. உங்கள் வீட்டில் ஆடுபவர் நீங்கள் ஒருவரே. ஆகையால் உங்களுக்கான வழி, தனியாக வருபவர்களுக்கென 2024 முதல் நடக்கும் குலுக்கல். ஆட்டத்துக்கு முந்தைய நாள் நீங்களே நேரில் போய்ப் பெயர் பதிய வேண்டும். முன்பெல்லாம் இதற்காக நள்ளிரவிலேயே குளிரில் வரிசையில் நிற்பார்கள், அந்தத் தொல்லை ஒழிந்தது. ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) சான்றும் புகைப்பட அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். கட்டணம் 300 பவுண்டுக்கு மேல். பெயர் விழுந்தால் இரண்டு மூன்று பேர் கொண்ட குழு ஒன்றில் உங்களைச் சேர்த்துவிடுவார்கள்.

நான்கு இரவு தங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஞாயிறு கழிந்தபின் ஒன்றுக்கு இரண்டு முறை முயன்று பார்க்கலாம். ஆனால் குலுக்கலையே நம்பி இருக்காதீர்கள். பக்கத்திலேயே தொட்டுக்கொண்டு ஓடும் நியூ கோர்ஸில் ஒரு நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். பெயர்தான் ‘நியூ’, அமைத்த ஆண்டு 1895. அதே காற்று, அதே மணல், கட்டணம் வெகு குறைவு. ஓல்டு கோர்ஸ் கிடைக்கவில்லை என்ற வாட்டத்தோடு நீங்கள் விடுதிக்குத் திரும்பினால் அந்த மாலை ஐந்து பேருக்கும் கெட்டுவிடும். இந்த முன்பதிவு அதைத் தடுக்கும்.

குடும்பத்துக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒரு பட்டியல் போட்டுத் தருவது எளிது. நான் முதலில் சொல்ல விரும்புவது வேறு: அவர்களுக்கு ஆட்டத்தின் விதிகளை விளக்காதீர்கள், மனிதர்களின் கதையைச் சொல்லுங்கள். மைதானத்திலிருந்து இருபது நிமிட நடையில் இடிந்த பேராலயம் இருக்கிறது. 1318-ல் அரசர் ராபர்ட் புரூஸ் முன்னிலையில் அர்ப்பணிக்கப்பட்டது. இன்று சில சுவர்களும் கோபுரமும் வானமும்தான் மிச்சம். அதன் கல்லறைத் தோட்டத்தில் டாம் மோரிஸ் என்ற பெயரில் தந்தையும் மகனும் அடக்கமாகியிருக்கிறார்கள். தந்தை ஓல்டு கோர்ஸைப் பேணி வளர்த்தவர். மகன் அன்றைய உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், 1868 முதல் 1872 வரை நடந்த நான்கு ஓப்பன் போட்டிகளையும் அடுத்தடுத்து வென்றவர். 1875 செப்டம்பரில் அவருடைய மனைவி பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் தங்கவில்லை. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று மகனும் போனார். வயது 24. தந்தை அதற்குப் பிறகு முப்பத்திரண்டு ஆண்டு வாழ்ந்து, 1908-ல் இறந்தார். மகனின் கல்லறைச் சுவரில் குல்லாய் அணிந்து, பந்தை அடிக்கக் குனிந்து நிற்கும் உருவத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். கோல்ஃப் என்றால் முகம் சுளிக்கும் எத்தனையோ பேர் அந்தச் சுவரின் முன் பேசாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை மாலை அங்கே போங்கள்.

பிள்ளைகளுக்குக் கோட்டைதான் பிடிக்கும். 1546-ல் தொடங்கிய முற்றுகையின்போது வெளியே இருந்தவர்கள் கோட்டைக்குள் நுழையப் பாறையைக் குடைந்து சுரங்கம் தோண்டினார்கள். உள்ளே இருந்தவர்கள் சத்தம் வரும் திசையை ஊகித்து எதிர்ச்சுரங்கம் தோண்டி வழியிலேயே மறித்தார்கள். இரண்டும் சந்தித்த இடத்துக்குக் குனிந்தும் தவழ்ந்தும் போகலாம். அம்மா மேலேயே கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கட்டும்.

உங்கள் மகளுக்குப் பல்கலைக்கழகத்தைக் காட்டுங்கள், 1413-ல் நிறுவப்பட்டது. செயின்ட் சால்வேட்டர் சேப்பலுக்கு வெளியே தரையில் ‘பி.எச்.’ என்ற இரண்டு எழுத்துகள் பதித்திருக்கும். 1528-ல் சமயக் கருத்துக்காக உயிரோடு எரிக்கப்பட்ட பேட்ரிக் ஹாமில்டனின் நினைவு அது. மிதித்தால் தேர்வில் தோற்றுவிடுவோம் என்று மாணவர்கள் இன்றும் விலகி நடக்கிறார்கள். பத்தாம் வகுப்பை நெருங்கும் பெண் அதைச் சரியாகப் புரிந்துகொள்வாள்.

குடும்பமாகச் சேர்ந்து ஆட ஓர் இடமும் இருக்கிறது. ‘ஹிமாலயாஸ்’ என்று பெயர். ஓல்டு கோர்ஸை ஒட்டி மேடும் பள்ளமுமாக அலை அலையாகக் கிடக்கும் புல்தரையில், பந்தை உருட்டிக் குழியில் போடுவது மட்டுமே ஆட்டம். 1867-ல் பெண்களுக்காகத் தொடங்கிய கிளப் அதை நடத்துகிறது. பெண்கள் தோளுக்கு மேல் மட்டையை ஓங்குவது அழகல்ல என்று கருதிய காலத்தில், ஓங்காமலே ஆடக்கூடிய ஆட்டமாக அது பிறந்தது. சில பவுண்டு கொடுத்தால் மட்டையும் பந்தும் தருவார்கள், பொதுமக்களுக்கான நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பதினைந்தாண்டு அனுபவம் அங்கே செல்லாது. ஒன்பது வயதுப் பையன் உங்களைத் தோற்கடிப்பான், அந்த மகிழ்ச்சியை அவனுக்குக் கொடுங்கள்.

நீங்கள் ஆடும் நாள் அவர்களுக்கு நீண்ட நாள், ஏறத்தாழ ஐந்து மணி நேரம். மனைவியும் பிள்ளைகளும் ஆன்ஸ்ட்ரதர் என்னும் மீனவ ஊருக்குப் பஸ்ஸில் போய், அங்கிருந்து படகில் ஐல் ஆஃப் மே தீவுக்குப் போகலாம். மே மாதத்தில் அங்கே வண்ண அலகுடைய பஃபின் பறவைகள் ஆயிரக்கணக்கில் வளைகளில் குடியிருக்கும். படகுக்கு முன்பதிவு தேவை, கடல் கொந்தளித்தால் பயணம் ரத்தாகும், புறப்படும் நேரமும் நாளுக்கு நாள் மாறும். அன்று அம்மாவைத் தனியே விட மனமில்லையென்றால் எல்லோரும் ஊரிலேயே இருந்து, ஆர் அண்ட் ஏ கோல்ஃப் அருங்காட்சியகத்தின் மேல்தளத்துச் சிற்றுண்டிச்சாலையில் உட்காரலாம். முன்னால் கடற்கரை, வெதுவெதுப்பான அறை. மூட்டு வலிக்காரருக்கு ஏற்ற இடம்.

சைவ உணவு பற்றிக் கவலை வேண்டாம், மாணவர்கள் நிறைந்த ஊர் அது. ஒன்று மட்டும் கவனியுங்கள். ஸ்காட்லாந்தின் மீன் கடைகள் பலவற்றில் உருளைக்கிழங்கு சிப்ஸையும் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிறார்கள். சிப்ஸ்தானே என்று அம்மாவுக்கு வாங்கித் தராமல், எந்த எண்ணெய் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சமையலறையோடு கூடிய வீடு வாடகைக்கு எடுத்தால் ரசம் வைத்துக்கொள்ளலாம், அந்தக் குளிருக்கு அது மருந்து. மே மாதமானாலும் காற்று ஊசியாய்க் குத்தும், சில நாள் கடலிலிருந்து மூடுபனி ஏறி எதிரில் இருப்பவரே தெரியாது. எல்லோருக்கும் காற்று புகாத மேலங்கி, காதை மூடும் குல்லாய்.

வாரநாளில் கிரானி கிளார்க்ஸ் விண்ட்டைக் கடக்கும்போது இருபுறமும் ஆட்டக்காரர்கள் அடிக்கத் தயாராக நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பிள்ளைகளை விடுங்கள். பந்து வருகிறது என்று எச்சரிக்க “ஃபோர்” என்று யாராவது கத்தினால் உடனே தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குனிய வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் அவர்களுக்குப் புறப்படும் முன்பே சொல்லிக் கொடுங்கள்.

கடைசியாக, ஆட்ட நாளன்று குடும்பத்தினர் ஊரில் இருந்தால், பதினாறாம் குழியை முடித்ததும் மனைவிக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். ஊர்ப்பக்கத்துச் சாலையோரக் கம்பி வேலிக்கு அவர்கள் வந்து சேர நேரம் சரியாக இருக்கும். பதினெட்டாம் குழி ஊருக்குள்ளேயே முடிகிறது. கடைசி அடியைப் பார்க்க அந்த வேலியில் எப்போதும் பத்துப் பேராவது சாய்ந்திருப்பார்கள், யார் பந்து உருண்டாலும் கை தட்டுவார்கள். அம்மாவுக்கு மட்டும் முன்கூட்டியே ஓர் இருக்கை பிடித்து வைக்கச் சொல்லுங்கள்.