சாரல் ஊரில் புது வீடு: இளைப்பு உள்ளவர்களுக்கு நல்லதா?

கேள்வி: செங்கோட்டையில் வீடு கட்டி முடியும் தறுவாயில் இருக்கிறோம். ஆனி கடைசியில் பூச்சு வேலை முடிந்தது. ஆவணியில் பால் காய்ச்சிக் குடிபோக எண்ணம். அம்மாவுக்கு 68 வயது, இளைப்பு (ஆஸ்துமா) உண்டு. இப்போது இருக்கும் ஓட்டு வீட்டில் சுவரெல்லாம் ஓதம், சமையல் விறகடுப்பில். புது வீடு அவர் உடம்புக்கு நல்லது செய்யுமா?

பதில்: செய்யும். விறகுப் புகையிலிருந்தும் ஓதத்திலிருந்தும் விடுதலை கிடைப்பது இளைப்புக்காரர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. ஆனால் ஆவணியில் உங்கள் புது வீடு பழைய வீட்டைவிட ஈரமாக இருக்கும். பாலை ஆவணியிலேயே காய்ச்சுங்கள், விளக்கேற்றுங்கள். அம்மாவின் கட்டிலைத் தை மாதம் கொண்டுபோங்கள்.

ஏன் இவ்வளவு நாள்? 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்குக் கலவையில் குறைந்தது 25 லிட்டர் தண்ணீர் போகிறது. அதில் சிமெண்டோடு சேர்ந்து கல்லாக இறுகுவது சுமார் 12 லிட்டர்தான். மிச்சம் நுண்துளைகளில் நிற்கும். பெரும்பகுதி மெல்ல மெல்ல ஆவியாகித்தான் வெளியேற வேண்டும். 1,000 சதுர அடி வீட்டுக்குச் சுமார் 400 மூட்டை என்று கொத்தனார்கள் போடும் கணக்கை வைத்தால் 5,000 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு சின்ன டேங்கர் லாரித் தண்ணீர், சுவரிலும் தளத்திலும் இருக்கிறது. கியூரிங்குக்கு, அதாவது சிமெண்ட் இறுக நனைத்துவைப்பதற்கு, ஊற்றியது தனி. ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்றே ஈரம் சுமந்து வருகிறது. அந்தக் காற்றில் சுவர் எங்கே காயும்? காயாத சுவரில் பூசணம் பிடிக்கும், மெத்தையில் கண்ணுக்குத் தெரியாத தூசிச் சிற்றுண்ணி பெருகும். இரண்டுமே இளைப்பைக் கிளப்பிவிடும்.

தை என்று சொன்னது உத்தேசம். ஐப்பசி, கார்த்திகை மழை எப்படி என்பதைப் பொறுத்து முன்பின் ஆகலாம். உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு பகல், ஓர் இரவு அப்படியே விடுங்கள். மறுநாள் தாளை மெதுவாக உரித்து உள்பக்கத்தை விரலால் தடவுங்கள். முத்து முத்தாக நீர் இருந்தாலோ, தாள் மூடியிருந்த இடம் மட்டும் கறுத்துத் தெரிந்தாலோ சுவர் காயவில்லை. மேற்குச் சுவர், குளியலறையை ஒட்டிய சுவர், தரையிலிருந்து ஓர் அடி உயரம் ஆகிய மூன்று இடத்திலும் பாருங்கள். சாரல் நேராக அடிக்கும் மேற்குச் சுவர்தான் கடைசியில் காயும். தரையை ஒட்டிய இடம் மட்டும் மாதக்கணக்கில் ஈரமாகவே இருந்தால் அது கட்டுமான ஈரம் இல்லை. அடித்தளத்திலிருந்து ஓதம் ஏறுகிறது, பெயிண்ட் அதற்கு மருந்தில்லை.

சுவர் காயும் முன் பட்டியும் (சுவரை வழவழப்பாக்கும் புட்டி) பெயிண்டும் அடித்தால் உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு கொப்புளம் கிளம்பும். பூச்சு முடிந்து 28 நாள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது வெயில் ஊருக்கு. சாரல் காலத்தில் பூசிய சுவருக்குத் தாள் சோதனை முடிந்த பிறகுதான் பெயிண்டரைக் கூப்பிட வேண்டும். சுவரில் வெள்ளையாகப் பொடி பூத்தால் அது உப்பு. காய்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள், கழுவினால் மறுபடி உள்ளே இறங்கும். கறுப்பாகவோ பச்சையாகவோ புள்ளி விட்டால்தான் பூசணம். பீரோவைச் சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளிப் போடுங்கள். பூசணம் முதலில் பிடிப்பது பீரோவின் முதுகுப் பக்கம்தான்.

அடுத்தது காற்று. ஈர வெக்கை உள்ள ஊர்களுக்கு, ஜன்னல் திறப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 10க்கு 12 அறைக்கு 20 சதுர அடி. இரண்டு தடம் உள்ள யுபிவிசி ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும். 4க்கு 5 ஜன்னல் வைத்துவிட்டு 20 சதுர அடி காற்று வருகிறது என்று நம்பக் கூடாது. மேற்கில் ஒன்று, கிழக்கில் ஒன்று என எதிரெதிரே இருந்தால்தான் காற்று ஓடும். பழைய ஓட்டு வீட்டில் முற்றமும் ஓட்டு இடுக்கும் இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தன. கான்கிரீட் பெட்டியில் அதை நாம்தான் செய்தாக வேண்டும்.

சமையலறையில் கேஸ் அடுப்பு வந்ததும் புகை தீர்ந்தது என்று விட்டுவிடாதீர்கள். கேஸ் எரியும்போது மூச்சுக்குழாயை உறுத்தும் நைட்ரஜன் டை ஆக்சைடு வாயு வரும், தாளிக்கும் நெடியும் உண்டு. அடுப்புக்கு மேலே, கூரையை ஒட்டி 9 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள். அது ஓடும்போது எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். உள்ளே காற்று வராமல் ஃபேன் எதை வெளியே தள்ளும்?

புது மரவேலை வாசனையை நிறையப் பேர் ரசிக்கிறார்கள். எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு போன்ற மரத்தூள் பலகைகள், மட்டமான பிளைவுட் ஆகியவற்றின் பசையிலிருந்து வரும், கண்ணையும் மூச்சையும் உறுத்தும் ஃபார்மால்டிஹைடு வாயு அதில் கலந்திருக்கிறது. வெக்கையிலும் ஈரத்திலும் இன்னும் கூடும். வார்ட்ரோபை ஓர் இரவு மூடி வைத்துக் காலையில் திறந்து பாருங்கள். கண் எரிந்தால் கதவுகளைத் திறந்துபோட்டு இன்னும் சில வாரம் காத்திருக்க வேண்டும். அம்மாவின் அறைக்கு மட்டுமாவது வார்ட்ரோப் வேண்டாம், இரும்புப் பீரோ போதும். ஜன்னல் கம்பிக்கு எனாமல் வாங்கும்போது ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) உட்பட்டதா என்று டப்பாவில் பாருங்கள். 2017 நவம்பரிலிருந்து இது சட்டம்.

தண்ணீர்த் தொட்டி: 1,000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். எல்லாக் குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, ஒரு நாள் விட்டு முழுக்கக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். மாடியில் கியூரிங் பாத்தி, மூடாத சம்ப் (தரைக்கடியில் உள்ள தொட்டி) இருந்தால் வாரம் ஒருமுறை வற்றவிடுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறந்து வர ஒரு வாரம், பத்து நாள் போதும்.

கணபதி ஹோமத்தின்போது அம்மாவை வெளியே பந்தலில் உட்கார வையுங்கள், பூர்ணாகுதிக்கு வாசலிலிருந்து கும்பிட்டால் போதும். மூடிய புது வீட்டில் அந்தப் புகை வெளியேற வெகுநேரம் ஆகும். இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வீடு மாறியதும் மூச்சு லேசானது என்று மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பழைய மெத்தையையும் தலையணையையும் புது வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். வருஷக்கணக்கில் ஓதத்தில் கிடந்த பஞ்சில் சிற்றுண்ணி குடியிருக்கும். மெத்தை புதிதாகவே வாங்கிவிடுங்கள். போர்வை, விரிப்புகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்தி, அதன் பிறகு ஏற்றுங்கள்.